வாரம் மூன்று முறை, முக்கால் மணி நேரம்

அந்த அலுவலகத்தில் யாருக்காவது வார்த்தை வராமல் முட்டிக்கொண்டு நின்றால் நேராக ஜன்னலோர மேசைக்கு வந்துவிடுவார்கள். அங்கே உட்கார்ந்திருப்பவளுக்குச் சொல்லக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் பத்திரமாக இருந்தது. "இல்லைன்னு சொல்லணும், ஆனா இல்லைங்கற வார்த்தை வரக் கூடாது, என்னக்கா போடலாம்?" என்று கேட்பார்கள். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "தற்போதைய நிலையில் பரிசீலிக்கப்பட்டு வருகிறது" என்பாள். கேட்டவர் வந்த காரியம் முடிந்த திருப்தியோடு போவார்.

கல்வி அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் சிறப்புத் தேவைப் பிரிவு. காது கேட்காத பிள்ளை, எழுத்து பிடிபடாத பிள்ளை, ஓரிடத்தில் உட்கார முடியாத பிள்ளை, இப்படி வகுப்பில் மற்றவர்களோடு சேர்ந்து அப்படியே ஓட முடியாத பிள்ளைகளுக்குச் சட்டம் ஒரு காகிதம் கொடுக்கிறது. திட்டப் பத்திரம் என்பார்கள். அதில் மூன்று கட்டம் உண்டு: தேவை, ஏற்பாடு, இலக்கு. முதல் கட்டத்தில் பிள்ளைக்கு என்ன சிரமம் என்று பக்கம் பக்கமாக எழுதலாம், அது வெறும் வர்ணனை. கடைசிக் கட்டத்தில் எழுதுவது ஆசை. நடுக்கட்டத்தில் எழுதியதை மட்டும் அலுவலகம் செய்தே தீர வேண்டும். செய்யாவிட்டால் பெற்றவர்கள் மேல்முறையீட்டு மன்றத்தில் போய் நிற்கலாம். இந்த ஒரு விஷயம் தெரிந்த பெற்றோர் பத்துக்கு ஒருவர் இருந்தால் அதிகம். அலுவலகத்துக்கு அதில் ஒன்றும் வருத்தம் இல்லை.

பேச்சுப் பயிற்சியாளர், மனநல நிபுணர், மருத்துவர் என்று ஆளாளுக்கு ஓர் அறிக்கை அனுப்புவார்கள். அவற்றைப் பிரித்து அந்தந்தக் கட்டத்தில் போடுவதுதான் சொல்லக்காவின் வேலை. இருபத்து நான்கு வயதில் தட்டச்சுக்காரியாக வந்து சேர்ந்தபோது அறிக்கையில் இருந்ததை இருந்தபடியே அடித்தாள். "தினமும் ஒரு மணி நேரம்" என்றால் தினமும் ஒரு மணி நேரம். அந்த வருஷம் ஒரு தச்சர் தன் மகனின் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு மன்றத்துக்குப் போனார். தினமும் ஒரு மணி நேரம் என்று போட்டிருக்கிறீர்களே, ஆள் எங்கே என்று கேட்டு ஜெயித்துவிட்டார். மறுநாள் அதிகாரி அவளைக் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்.

அதிகாரி நல்ல மனிதர். அதுதான் தொல்லையே. கத்துகிறவராக இருந்திருந்தால் அவள் மனசுக்குள்ளாவது எதிர்த்திருப்பாள். அவர் தண்ணீர் கொடுத்து, இருக்கிற பயிற்சியாளர்கள் ஐந்து பேர், காத்திருக்கிற பிள்ளைகள் அறுநூறு பேர், எல்லாருக்கும் எண் போட்டுக் கொடுத்தால் யாருக்குத்தான் செய்ய முடியும் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். "பொய் எழுதச் சொல்லலம்மா. கையக் கட்டிப் போடாத மாதிரி எழுதுன்னுதான் சொல்றேன்" என்றார். அவளுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. இப்போதும் பாதி நியாயமாகத்தான் படுகிறது.

பிடிகொடுக்காமல் எழுதுவதும் ஒரு திறமை. அது அவளிடம் மண்டிக் கிடந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. "தேவைக்கேற்ப", "உரிய வாய்ப்புகள்", "தொடர்ந்து ஊக்கமளிக்கப்படும்", "பயிற்சி பெற்றவரின் வழிகாட்டுதலைப் பெற வழிவகை செய்யப்படும்." வருஷம் போகப் போக இப்படி நாற்பத்தொரு தொடர்கள் சேர்ந்தன. இரண்டு பக்கத்தில் அடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, மேசைக்கு மேலே சுவரில் மாட்டியிருந்தாள். வேலைக்கு வருகிற புதியவர்கள் முதல் நாளே அதை நகலெடுத்துக்கொள்வார்கள். அறிக்கையில் எண் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்றும் கீழே குறிப்பு உண்டு: நடுக்கட்டத்திலிருந்து எடுத்து முதல் கட்டத்தில் போடவும். எண் காணாமல் போகாது. இடம் மட்டும் மாறும். யார் கேட்டாலும் இதோ இருக்கிறதே என்று காட்டலாம், ஆனால் அது ஒருவரையும் கட்டுப்படுத்தாது.

ஒவ்வொரு கோப்பிலும் பிள்ளையின் புகைப்படம் ஒட்டியிருக்கும். ஆரம்பத்தில் அந்த முகங்கள் வீடு வரைக்கும் கூடவே வந்தன. பேருந்தில், குளியலறையில், பல் தேய்க்கும்போது. மூன்றாம் வருஷம் ஒரு வழி கண்டுபிடித்தாள். கோப்பைத் திறந்த கையோடு ஒரு மஞ்சள் ஒட்டுச் சீட்டைப் புகைப்படத்தின் மேல் ஒட்டிவிடுவது. வேலை முடிந்ததும் எடுத்து அடுத்த கோப்பில் ஒட்டுவது. ஒரு சீட்டுப் பசை விடும்வரை ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு வரும். அதற்கப்புறம் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. அம்மா செத்த அன்றுகூட, எடுத்து முடிந்த கையோடு மத்தியானம் வந்து இரண்டு கோப்பு முடித்துவிட்டுப் போனாள். கல்லு என்று பின்னால் பேசிக்கொண்டார்கள். கேட்டது, கேட்டும் ஒன்றும் ஆகவில்லை.

கல்யாணம் அவளுக்குக் கூடிவரவில்லை, அவளும் கூட்டிக்கொள்ளவில்லை. இரண்டு தெரு தள்ளி தங்கை வீடு. தங்கை ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் துணி மடிக்கிறவள். தங்கை வீட்டுக்காரர் சரக்கு வண்டி ஓட்டுகிறவர், வாரத்தில் ஐந்து நாள் ஊரில் இருக்கமாட்டார். அவர்களுக்கு ஒரே பெண், எட்டு வயது. பிறந்த மூன்றாம் நாள் அது கொடுத்த குரலைக் கேட்டு அப்பன்காரர் மைனா என்று கூப்பிட்டார், அதுவே நிலைத்துவிட்டது. ஆனால் பேச்சு வரவில்லை. எட்டு வயதில் தெளிவாக வருவது முப்பது வார்த்தை இருக்கும். பெரியம்மா என்பதற்கு "பெம்மா". மற்றதெல்லாம் கையும் கண்ணும். பெயரை மாற்றிக் கூப்பிட யாருக்கும் மனம் வரவில்லை.

மைனாவுக்கு எல்லாம் புரியும். கடைக்குப் போய் மூன்று சாமான் வாங்கிவா என்றால் நான்காவதாக மறந்ததையும் சேர்த்து வாங்கி வரும். புரிந்ததை வெளியே கொண்டுவரத்தான் முடியாது. பள்ளிக்கூடத்தில் ஒன்று சொல்ல வந்து அது எதிரே இருப்பவருக்குப் புரியாமல் போனால் சட்டைக் கையின் ஓரத்தைப் பல்லால் கடித்து இழுக்கும். வருஷத்துக்கு ஆறு சட்டை அப்படிப் போகும். தங்கை ஒவ்வொரு சட்டைக்கும் கைநுனியில் இரட்டைத் துணி வைத்துத் தைத்துத்தான் அனுப்புவாள்.

பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர் மைனாவை மூன்று நாள் பார்த்துவிட்டுத் தெளிவாக எழுதிக் கொடுத்தார். வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் முக்கால் மணி நேரம், பயிற்சி பெற்ற ஆள், பிள்ளையோடு தனியாக. பத்து வயதுக்குள் பிடித்தால் பேச்சு வந்துவிடும், விட்டால் கஷ்டம் என்று தங்கையிடம் வாய்விட்டும் சொன்னார். இரண்டு வருஷம் இருக்கிறது. அந்த அறிக்கை சொல்லக்காவின் அலுவலகத்துக்கு வந்தது.

விதியில் இருந்தபடி நடந்துகொண்டாள். உறவுக்காரப் பிள்ளையின் கோப்பைத் தொடக் கூடாது. அதிகாரியிடம் எழுதிக் கொடுத்தாள். கோப்பு எதிர் மேசையில் இருக்கும் புதுப்பெண்ணிடம் போனது. அந்தப் பக்கம் சொல்லக்கா தலையைத் திருப்பவே இல்லை. தங்கையிடமும், நான் இதில் கை வைக்க மாட்டேன், என்னிடம் எதுவும் கேட்காதே என்று சொல்லிவிட்டாள். "நீ உள்ள இருக்கல்ல, அதுவே போதும்க்கா" என்றாள் தங்கை. நேர்மையாக இருந்துவிட்ட நிம்மதியில் அன்றைக்கு நன்றாகத் தூங்கினாள். தூக்கம் அவளுக்கு என்றைக்குமே தொல்லை கொடுத்ததில்லை என்பது வேறு.

பிறகு மூன்று மாதம் அவள் அதை நினைக்கவும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் தங்கை வந்தாள். கையில் திட்டப் பத்திரம், கசங்காமல் இருக்கப் பழைய நாட்காட்டி அட்டைக்குள் வைத்திருந்தாள். பத்திரம் வந்து ஐம்பத்திரண்டு நாள் ஆகிறது, பள்ளிக்கூடத்தில் இன்னும் பயிற்சி ஆரம்பிக்கவில்லை என்றாள். ஒரே ஒரு நாள் ஒரு பெண்மணி வந்தாராம். வகுப்பு வாசலில் நின்று மைனாவைப் பத்து நிமிஷம் பார்த்தாராம். ஆசிரியையிடம் படம் போட்ட தாள் நாலைக் கொடுத்துவிட்டுப் போனவர்தானாம். "எப்ப ஆரம்பிப்பாங்கன்னு மட்டும் கேட்டுச் சொல்லுக்கா. நீ கை வைக்க வேணாம்" என்றாள்.

சொல்லக்கா பத்திரத்தை வாங்கினாள். கை தானாக நடுக்கட்டத்துக்குப் போனது. "குழந்தையின் பேச்சு, மொழி வளர்ச்சிக்கு உரிய வாய்ப்புகள் தேவைக்கேற்பத் தொடர்ந்து வழங்கப்படும். பயிற்சி பெற்றவரின் வழிகாட்டுதலைப் பெற வழிவகை செய்யப்படும்." பட்டியலில் பதினேழாவதும் இருபத்தாறாவதும். அச்சுப் பிசகாமல் எடுத்துப் போட்டிருந்தாள் புதுப்பெண். வாரம் மூன்று முறை, முக்கால் மணி நேரம் எல்லாம் முதல் கட்டத்தின் நாலாவது பத்தியில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. நல்ல வேலை. அவளே செய்திருந்தாலும் இப்படித்தான் செய்திருப்பாள். மேலே ஓரத்தில் மைனாவின் படம், இரட்டைத் துணி வைத்த சட்டையோடு.

முதலில் வரைவு வந்திருக்குமே, ஆட்சேபம் சொல்லப் பதினைந்து நாள் கொடுத்திருப்பார்களே, ஏன் யாரிடமும் காட்டவில்லை என்று கேட்டாள்.

"படிச்சுப் பாத்தேன்க்கா. படிக்கப் படிக்க நீ பேசுற மாதிரியே இருந்துச்சு. எங்கக்காதான் உள்ள இருந்து எழுதியிருக்கா, வெளிய சொல்ல முடியாம சும்மா இருக்கான்னு நெனச்சேன். அதான் அன்னிக்கே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன்."

சொல்லிவிட்டுத் தங்கை சிரித்தாள். ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்ட சிரிப்பு. சொல்லக்கா பத்திரத்தைத் திரும்ப அட்டைக்குள் வைத்து, விசாரிக்கிறேன் என்றாள். அதுவும் பட்டியலில் இருப்பதுதான்.

திங்கட்கிழமை அலுவலகம் போனாள். செவ்வாய் போனாள். மேல்முறையீட்டுக்கு இரண்டு மாதம்தான் கெடு, அதில் எட்டு நாள் மிச்சம் இருந்தது ஏழாகி ஆறானது. அவள் கோப்புகளை முடித்தாள். எதிர் மேசைப் பெண்ணைப் பார்த்தாள். அது பட்டியல் நகலைத் தன் திரையின் ஓரத்தில் ஒட்டி, பயன்படுத்தியதற்கெல்லாம் பென்சிலால் சின்னதாகப் புள்ளி வைத்திருந்தது. அதன்மேல் கோபம் வருமோ என்று பார்த்தாள், வரவில்லை. தன்மேல் வருமோ என்றும் பார்த்தாள். அங்கேயும் ஒன்றும் இல்லை. மரத்துப்போன காலைத் தட்டிப் பார்க்கிற மாதிரி இரண்டு நாள் தன்னைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். புதன்கிழமை மதிய இடைவேளையில் எழுந்து சலவைக்கூடத்துக்கு நடந்தாள்.

சலவைக்கூடத்தில் ஆவியும் சோப்பு வாசனையும் கண்ணைக் கரித்தன. நீளமான தகர மேசையில் வெள்ளை விரிப்புகள் மலையாகக் குவிந்திருந்தன. தங்கையோடு சேர்ந்து மடிக்கும் பெண் சாப்பிடப் போயிருந்தாள். சொல்லக்கா பையைக் கீழே வைத்துவிட்டு விரிப்பின் மறுமுனையைப் பிடித்தாள். சின்ன வயதில் மொட்டைமாடியில் இரண்டு பேரும் மடித்தது கைக்கு மறக்கவில்லை. இழுத்து, உதறி, நடுவில் வந்து முனையோடு முனை சேர்த்து, திரும்பப் பின்னால் போய், அப்படி நாலைந்து விரிப்பு ஆனது.

ஆறாவது விரிப்பில் சொன்னாள். பத்திரத்தில் இருப்பது தான் எழுதியது இல்லை, ஆனால் வாக்கியம் தன்னுடையதுதான் என்றாள். அந்த வாக்கியத்துக்கு யாரும் வரவேண்டிய கட்டாயம் இல்லை என்றாள். அன்றைக்கு வாசலில் வந்து நின்றுவிட்டுப் போனார்களே, சட்டப்படி அத்தோடு முடிந்தது. எண்ணை எடுத்து வேறு இடத்தில் போடுவது எப்படி, அதை யார் யாருக்குச் சொல்லிக் கொடுத்தாள், மேல்முறையீட்டுக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது, எல்லாவற்றையும் சொன்னாள். குரல் மாறவில்லை. கோப்பு எண் வாசிக்கிற மாதிரியே வந்தது.

தங்கை மடிப்பதை நிறுத்தவில்லை. கையிலிருந்த விரிப்பை முடித்து அடுக்கில் வைத்து, அதன் ஓரத்தைத் தட்டிச் சரிசெய்தாள்.

"எத்தன பிள்ளைங்களுக்கு இப்படி எழுதியிருப்ப?"

"எண்ணல."

"சும்மா ஒரு கணக்குக்கு?"

வாரத்துக்கு மூன்று கோப்பு, வருஷத்துக்கு ஐம்பது வாரம் கூட வேண்டாம், நாற்பத்தைந்து, இருபது வருஷம். பெருக்கத் தெரியாதவள் இல்லை அவள். தங்கை அடுத்த விரிப்பை எடுத்து ஒரு முனையை அவள் பக்கம் போட்டாள். இரண்டு பேரும் அதை மடித்து அடுக்கில் வைத்தார்கள். மேல்முறையீடு என்று எதையோ சொன்னாயே, அதை எப்படி எழுதுவது என்று தங்கை கேட்டாள். நான் எழுதித் தருகிறேன் என்றாள் சொல்லக்கா.

அங்கேதான் வேடிக்கை. சனிக்கிழமை காலை தங்கை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் படிவத்தை விரித்து உட்கார்ந்தாள். என்ன மாற்றம் வேண்டும் என்று கேட்டு ஒரு பெரிய கட்டம். பேனாவை வைத்ததும் கை ஓடியது. "குழந்தையின் பேச்சுத் தேவைகளை முழுமையாகக் கருத்தில் கொண்டு, போதிய பயிற்சி கிடைக்க உரிய நடவடிக்கை." அடித்தாள். "தனிப்பட்ட கவனம் சீரான இடைவெளியில்." அதையும் அடித்தாள். மூன்றாவது முறை எழுதியது முதலில் எழுதியதைவிட வழவழவென்று வந்தது. இரண்டு கெட்டுப்போன படிவம் ஏற்கெனவே பக்கத்தில் கிடந்தது. இருபத்திரண்டு வருஷம் ஒரே வேலையைச் செய்த கை, வேறு எதுவும் செய்ய மாட்டேன் என்று நின்றது. திங்கட்கிழமையோடு கெடு முடிகிறது.

தங்கை அடுப்படியிலிருந்து வந்து எட்டிப் பார்த்தாள். எழுத்தைப் படித்தாள். முகம் ஒரு மாதிரி ஆனது.

"திரும்ப அதையேதான எழுதுற."

"வரமாட்டேங்குது."

"நீ எதுவும் யோசிக்காத. நான் சொல்றத மட்டும் எழுது." தங்கை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எம்பொண்ணுக்குப் பேச்சு வரல. வாரத்துக்கு மூணு தடவ ஆள் வரணும். ஒவ்வொரு தடவையும் முக்கா மணி நேரம் இருக்கணும். படிச்ச ஆளா இருக்கணும். பொண்ணுகூடத் தனியா உக்காரணும். வாசல்ல நின்னு பாத்துட்டுப் போகக் கூடாது. வரலைன்னா யாரக் கேக்கணும்னு அதுலயே எழுதியிருக்கணும்."

சொல்லக்கா அப்படியே எழுதினாள். பேச்சுவழக்கைக் கூட மாற்றவில்லை, மாற்றப் போனால் எங்கே போய் முடியும் என்று அவளுக்குப் பயம். மைனா மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, கெட்டுப்போன படிவங்களின் பின்பக்கத்தில் வண்டி வண்டியாகப் படம் போட்டுக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை தங்கை ஒரு வேளை விடுப்புப் போட்டுவிட்டு, அதைத் தன் கையாலேயே மன்றத்தில் கொடுத்துவிட்டு வந்தாள்.

விசாரணைக்கு ஏழு வாரம் ஆனது. மன்றம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு நூலகத்தின் மேல்மாடியில் ஓர் அறை, நீள மேசை, குழாய் விளக்கு, ஒரு ஜாடித் தண்ணீர். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தலைவர், நரைத்த முடியை ஒட்ட வெட்டிய அம்மாள். அலுவலகத்தின் சார்பில் அதிகாரியே வந்திருந்தார். தங்கைக்குப் பக்கத்தில் குடும்பத்தார் என்ற முறையில் சொல்லக்கா. அதிகாரி அவளைப் பார்த்துத் தலையசைத்தார், வருத்தமாகத்தான்.

தலைவர் பத்திரத்தை மூக்குக்குக் கிட்டே வைத்துப் படித்தார். தேவைக்கேற்ப என்று போட்டிருக்கிறீர்களே, அந்தத் தேவையை யார் முடிவுசெய்வது என்று கேட்டார். பள்ளியும் அலுவலகமும் கலந்து என்றார் அதிகாரி. எப்போது கலப்பீர்கள்? தொடர்ந்து. ஒரு மாதம் முழுக்க யாருமே வரவில்லை என்றால், இந்தப் பத்திரத்தை மீறியதாக ஆகுமா, ஆகாதா?

அதிகாரிக்குச் சொல் வரவில்லை. மாட்டிக்கொண்டால் எப்போதும் எந்தப் பக்கம் திரும்புவாரோ அந்தப் பக்கம் பழக்கத்தில் திரும்பினார். சொல்லக்காவைப் பார்த்தார். அவளும் பழக்கத்தில் வாயைத் திறந்துவிட்டாள். பொருத்தமான தொடர் நாக்கு நுனி வரை வந்து நின்றது. இதைத் தலைவர் கவனித்துவிட்டு, அந்த அம்மா யார் என்று கேட்டார். "புள்ளையோட பெரியம்மா" என்றாள் தங்கை.

"அந்த அலுவலகத்துலதாங்க வேல பாக்கறேன்" என்றாள் சொல்லக்கா. "இந்தக் கோப்ப நான் தொடல. ஆனா அந்த வாக்கியம் நான் உண்டாக்கினது. நீங்க கேட்டீங்களே, மீறினதா ஆகுமான்னு. ஆகாதுங்க. ஆள் வந்தாலும் சரி, வராட்டியும் சரி, ஆகாது. ஆகக் கூடாதுன்னுதான் அப்படி எழுதினது."

தலைவர் பக்கத்தில் இருந்தவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். அதிகாரி தண்ணீர் ஊற்றிக் குடித்தார், பிறகு இன்னொரு குவளையில் ஊற்றி அவள் பக்கம் தள்ளி வைத்தார். அந்த நேரத்திலும் நல்ல மனிதர். பெரிய காரியம் செய்துவிட்டோம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. யாருடைய கோப்பையோ வாசித்துவிட்டு மூடியது போலத்தான் இருந்தது. தங்கை மட்டும் அவள் பக்கம் திரும்பாமல் நேரே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அலுவலகத்தில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வாரம் அவளைத் தபால் மேசைக்கு மாற்றினார்கள். பின்னறையில் உட்கார்ந்து கடிதங்களை மடித்து உறையில் போடும் வேலை. சுவரிலிருந்த பட்டியலை யாரோ கழற்றிவிட்டார்கள். அதனால் ஒன்றும் குறையவில்லை, அதன் நகல் ஏழு மேசையில் இருந்தது. யாரும் வந்து வார்த்தை கேட்பதில்லை, அவ்வளவுதான். மஞ்சள் ஒட்டுச் சீட்டுக்கட்டு மட்டும் அவள் பையோடு வந்துவிட்டது. தபால் மேசையில் கோப்பு வராது, அதற்கு வேலையும் இல்லை.

தீர்ப்பு வந்ததை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. பெற்றோருக்குப் போவதன் பிரதி ஒன்று அலுவலகத் தபாலில் வந்தபோது உறையின் மேல் கோப்பு எண்ணைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். உறவுக்காரப் பிள்ளையின் தாள். பிரிக்காமல் அதிகாரியின் தட்டில் வைத்தாள். தங்கை கூப்பிடுவாள் என்று நாலு நாள் இருந்தாள். ஐந்தாம் நாள் வேலை முடிந்து தானே போனாள்.

மைனா கதவைத் திறந்து, "பெம்மா" என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்தது. தங்கை உட்காரச் சொன்னாள், தேநீர் போட்டுக் கொடுத்தாள். எல்லாம் எப்போதும் போலத்தான். தீர்ப்பு மேசையின் மேலேயே இருந்தது. அதே நாட்காட்டி அட்டை. சொல்லக்கா கையை நீட்டவில்லை, தங்கையே எடுத்துக் கொடுத்தாள். அதோடு இணைத்திருந்த திருத்திய பத்திரத்தின் நடுக்கட்டத்தில் ஆறே வரி. வாரம் மூன்று முறை. ஒவ்வொரு முறையும் முக்கால் மணி நேரம். தகுதி பெற்ற பேச்சுப் பயிற்சியாளர். பிள்ளையோடு தனியாக. தவறினால் யாரைக் கேட்பது என்று பதவியும் முகவரியும். ஒவ்வொரு வரிக்கும் அடியில் யாரோ சிவப்பு மையால் கோடு போட்டு, ஓரத்தில் 'சரி' என்று எழுதியிருந்தார்கள். தங்கையின் கையெழுத்து இல்லை அது.

அவள் அந்தச் 'சரி'யைப் பார்ப்பதைத் தங்கை பார்த்தாள்.

"கீழ மருந்துக்கடைக்காரர்கிட்ட குடுத்துப் படிக்கச் சொன்னேன்க்கா. ரெண்டு தடவ படிக்கச் சொன்னேன். உன்மேல கோவம்லாம் இல்ல. நீ அன்னிக்கு அங்க சொன்னதாலதான் கெடச்சுது, அது எனக்குத் தெரியும். ஆனா இனிமே பள்ளிக்கூடத்துலேர்ந்து எது வந்தாலும் அவர்கிட்டதான் காட்டப் போறேன்."

அப்போதுதான் வலித்தது. மன்றத்தில் வலிக்காதது, தபால் மேசையில் வலிக்காதது, அம்மா போனபோது வலிக்காதது எல்லாம் சேர்ந்துகொண்டு அந்தச் சின்னச் சமையலறை மேசையில் வைத்து வலித்தது. படித்துப் பார்த்தால் அக்கா பேசுகிற மாதிரி இருந்தது என்பதற்காகவே கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்ட தங்கை இவள். சொல்லக்கா தேநீரைக் கீழே வைத்துவிட்டு, தீர்ப்பை மேசையில் விரித்து வைத்தாள். மைனா வந்து அவள் மடியில் ஒரு முழங்காலை ஊன்றி, தீர்ப்பில் இருந்த சிவப்புக் கோடுகளை ஒவ்வொன்றாக விரலால் தடவியது.

"சரியாத்தான் செஞ்சிருக்க" என்றாள் தங்கையிடம். "அப்படித்தான் செய்யணும். கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி வெளியாள் ஒருத்தர்கிட்ட காட்டணும்."

அலுவலகத்துக்கு வந்த ஒவ்வொரு தாயிடமும் அவள் சொல்லியிருக்க வேண்டியது அது. ஒருத்தியிடமும் சொன்னதில்லை.